வன்னிக் கூரையில் சோலர்: எந்த ஒப்பந்தம், யார் கையில் விலை?

ஒரே வீடு, ஒரே ஐந்து கிலோவாற் சோலர், ஒரே வெயில். மின்சாரசபையோடு செய்யும் மூன்று வகை ஒப்பந்தங்களில் (விளக்கம் கீழே வரும்) நெற் மீற்றரிங்கில் கையெழுத்திட்டால் மாத முடிவில் ஒரு கணக்கு வரும். நெற் அக்கவுண்டிங்கில் இன்னொன்று. நெற் பிளஸில் வேறொன்று. லைனோடு சேராமல் தோட்டத்துப் பம்புக்கு மட்டும் பூட்டினால் மின்சாரசபைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சோலர் விற்க வருகிறவர்கள் பனலின் பிராண்டையும் உத்தரவாத ஆண்டுகளையும்தான் அதிகம் பேசுவார்கள். நல்ல கம்பனிப் பனல்களுக்கிடையே இன்று பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் வரவை யார் தீர்மானிக்கிறார், அவர் அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்பதில்தான் வித்தியாசம். எனவே இந்த ஒப்பீடு அங்கிருந்து தொடங்குகிறது.

விலை வைக்கும் கைகள்

கொள்கை அமைச்சிலிருந்தும் அமைச்சரவையிலிருந்தும் வருகிறது. தேசிய வலுசக்திக் கொள்கை 2008இல் ஒருமுறையும் 2019இல் மறுபடியும் வர்த்தமானியில் வந்தது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபை பெரிய காற்றாலைகளுக்கும் சோலர் பண்ணைகளுக்கும் அனுமதி கொடுக்கிறது. கூரைச் சோலர் பூட்டும் கம்பனிகளைப் பதிவதும் அதுவே.

நீங்கள் பாவிக்கும் கரண்டின் விலையைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அது 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மின்சாரத்தில் அதற்குப் பல் முளைத்தது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தோடு. மின்சாரசபை செலவுக் கணக்கை வைத்துக் கட்டணத்தை முன்மொழியும். ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, ஏற்கும், வெட்டும், அல்லது மறுக்கும். இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2025ஐப் பார்க்கட்டும். ஜனவரியில் சபை கட்டணத்தை மாற்றவேண்டாம் என்றது. ஆணைக்குழு 20 வீதம் குறைத்தது. அதே ஆண்டு கடைசிக் காலாண்டுக்கு சபை 6.8 வீதம் கூட்டக் கேட்டது, ஆணைக்குழு மறுத்தது. இடையில் ஜூனில் 15 வீதம் கூடியதும் உண்டு. இன்னும் பின்னே போனால், 2022 ஓகஸ்டில் 75 வீத உயர்வு, 2023 பெப்ரவரியில் 66 வீத உயர்வு, 2024 ஜூலையில் 22.5 வீதக் குறைப்பு. பாவனைக் கட்டணம் ஊஞ்சல் மாதிரி ஆடும் விலை.

நீங்கள் லைனுக்கு விற்கும் கரண்டின் விலை வேறு கையில். அது அமைச்சரவை அங்கீகாரத்தோடு வருவது; ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பிறகு இருபது ஆண்டுக்கு நிற்பது. 2016 செப்ரெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது முதல் ஏழு ஆண்டுக்கு யூனிற்றுக்கு 22 ரூபா, மிகுதிக்கு 15.50 ரூபா. 2022இல் புதியவர்களுக்கு 37 ரூபா. 2024இல் 27 ரூபா. 2025இல் ஐந்து கிலோவாற் வரை 20.90 ரூபா, ஐந்துக்கு மேல் இருபது வரை 19.61 ரூபா, பெரிதாகப் பெரிதாக இன்னும் குறையும். மாதம் 600 யூனிற் தரும் ஒரே அளவுச் சோலருக்கு 2022இல் கையெழுத்திட்டவர் 22,200 ரூபா வாங்குகிறார். 2025இல் கையெழுத்திட்டவர் 12,540 ரூபா. 2022இல் கையெழுத்திட்டவர் அந்த நெருக்கடி ஆண்டில் பனலுக்குக் கொடுத்த விலையும் கூடத்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இந்த விலை இனி மேலே போகுமா என்று கேட்பவர்களுக்கு மன்னாரைக் காட்டலாம். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற் காற்றாலைக்கு அதானி நிறுவனத்தோடு பேசப்பட்ட விலை யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம். 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் போட்டி விலைமனு கோரி விட்ட 50 மெகாவாற் காற்றாலை 4.65 சதத்துக்கு வந்தது. டொலரை 300 ரூபாவாக வைத்தால் அது 14 ரூபா. மன்னாரில் 14 ரூபாவுக்குக் காற்று கிடைக்கும்போது, மதிய நேரத்துச் சோலருக்கு 37 ரூபா திரும்ப வரும் என்று காத்திருப்பது வீண்.

மூன்றாவது கை பகுதி மின் பொறியியலாளர் அலுவலகம். உங்கள் றான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது அவர்கள்தான். கொழும்பில் எந்தக் கொள்கை வந்தாலும் இந்த ஒரு வரியில் அது நின்றுவிடலாம்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் மின்சாரசபையை அரசுக்குச் சொந்தமான தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழிவிட்டன. உற்பத்தி ஒன்று, கடத்தல் ஒன்று, விநியோகம் ஒன்று, முழுத் தொகுதியையும் இயக்குவது இன்னொன்று. கூரைச் சோலர்காரருக்கு இதில் முக்கியம் ஒன்றுதான்: ஒப்பந்தத்தில் மறுதரப்பாக எழுதியிருக்கும் பெயரும், 'அதன் சட்டப்படியான வாரிசு நிறுவனம்' என்ற சொற்களும்.

வீட்டுக்கு மூன்று திட்டம்

நெற் மீற்றரிங்கில் யூனிற்றுக்கு யூனிற் கழியும். பகலில் லைனுக்குக் கொடுத்ததை இரவில் எடுக்கிறீர்கள். மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகும், காசாகாது. நெற் அக்கவுண்டிங்கில் அதே கழிப்பு; மிஞ்சியதற்கு ஒப்பந்த விலையில் காசு. நெற் பிளஸில் கழிப்பே இல்லை. சோலருக்குத் தனி மீற்றர். உற்பத்தி முழுவதும் விற்பனை. உங்கள் வீட்டு பில் சோலர் இல்லாத வீட்டுக்கு வருவது போலவே வரும்.

கணக்கைக் கையால் போட, வீட்டுக் கட்டணப் படிகளை இப்படி வைப்போம்: முதல் 60 யூனிற் 13 ரூபா, 61 முதல் 90 வரை 18, 91 முதல் 120 வரை 25, 121 முதல் 180 வரை 40, அதற்கு மேல் 60. 2025 நடுப்பகுதிக் கட்டணத்துக்கு இவை ஏறக்குறைய ஒத்த, கணக்குக்கு வசதியான எண்கள். நிலையான கட்டணத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்கு இதிலும் குறைந்த வேறு விலை. அந்த வீட்டுக்குச் சொந்தப் பாவனைக்காகச் சோலர் தேவையே இல்லை.

வவுனியா ரவுனில் ஏசியும் பெரிய பிரிட்ஜும் ஓடும் வீடு மாதம் 300 யூனிற் பாவிக்கிறது. பில் 780, 540, 750, 2,400, 7,200 சேர்ந்து 11,670 ரூபா. இந்த வீட்டுக்கு 2.5 கிலோவாற் போட்டால் மாதம் சராசரி 300 யூனிற் வரும். நெற் மீற்றரிங்கிலோ நெற் அக்கவுண்டிங்கிலோ 11,670 ரூபா மிச்சம். நெற் பிளஸில் 300 யூனிற்றை 20.90க்கு விற்றால் வருவது 6,270. பாதியை ஒட்டி நட்டம்.

இப்போது ஒட்டுசுட்டானில் 90 யூனிற் பாவிக்கும் வீட்டுக்கு வருவோம். பில் 1,320 ரூபா. அந்த வீட்டுக்காரர் வருமானத்துக்காக ஐந்து கிலோவாற் போடுகிறார். 600 யூனிற் வருகிறது. நெற் அக்கவுண்டிங்கில் 1,320 மிச்சமும் 510 யூனிற்றுக்கு 10,659 ரூபாவும் சேர்ந்து 11,979. நெற் பிளஸில் 12,540. இங்கே நெற் பிளஸ் 561 ரூபா முன்னே நிற்கிறது, ஏனென்றால் இவர் தன் பாவனைக்குக் கொடுக்கும் சராசரி 14.67 ரூபாதான், அதை 20.90 பெறுமதியான கரண்டால் கழிப்பது தனக்குத் தானே மலிவாக விற்பதற்குச் சமம். இந்தப் படிகளில் இரண்டும் சமப்படும் இடம் மாதம் 140 யூனிற்றை ஒட்டி. அதற்குக் கீழே நெற் பிளஸ், மேலே நெற் அக்கவுண்டிங்.

ஆனால் 561 ரூபாவுக்காக மட்டும் நெற் பிளஸை எடுக்கச் சொல்லமாட்டோம். நெற் அக்கவுண்டிங்கில் உங்கள் லாபத்தின் ஒரு பகுதி பாவனைக் கட்டணத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். மறு பகுதி ஒப்பந்தத்தில் உறைந்து நிற்கும். 2022 போல் கட்டணம் ஒரே அடியாக ஏறினால் அந்த வீடு தப்பிக்கும். நெற் பிளஸ்காரருக்கு வரவு 12,540இல் நிற்க, வீட்டு பில் மட்டும் ஏறும். பிள்ளைகள் வளர்ந்து, ஏசி வந்து, 90 யூனிற் 200 ஆவதும் இருபது ஆண்டுக்குள் நடக்கக்கூடியதே. விலைவாசி ஏற, 20.90 ரூபா அப்படியே நிற்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 2017இல் 22 ரூபாவுக்குக் கையெழுத்திட்டவர்கள் இப்போது 15.50இல் இருக்கிறார்கள், அன்றைய 22 ரூபாவுக்கு வாங்கக்கூடியதை இன்று 15.50ஆல் வாங்க முடியாது.

நெற் மீற்றரிங் யாருக்கு என்றால், பாவனைக்கு மிஞ்சாத அளவில் போடுகிறவருக்கு. மிஞ்சினால் அது நெற் அக்கவுண்டிங்கைவிடக் குறைந்ததுதான். முன்னர் அதில் இருப்பவர்கள் மாறவேண்டுமானால் அன்றைய புதிய விலைக்குத்தான் மாறவேண்டிவரும். ஏறி இறங்கிய விலைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அளவுக்கு எல்லை உண்டு. இம்மூன்று திட்டத்திலும் சோலரின் அளவு உங்கள் இணைப்பின் அளவைத் தாண்ட முடியாது. 230 வோல்ற்றில் 30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்றால் 6.9 கே.வி.ஏ (வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது), நடைமுறையில் ஐந்து கிலோவாற்றோடு நிறுத்துவார்கள். 30 அம்பியர் த்ரீ பேஸ் 20 கே.வி.ஏ.யை ஒட்டியது, 60 அம்பியர் த்ரீ பேஸ் 42.

லைனின் வாலில் இருக்கும் வீடு

மேலே போட்ட கணக்கெல்லாம், பனலின் கரண்டை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர் பகல் முழுக்க ஓடினால்தான். வன்னியில் குறுக்கே நிற்பது மழையைவிட லைனின் நீளம். போருக்குப் பின் குடியேற்றத் திட்டங்களுக்கு இழுத்த லைன்கள் பல, ஒரு றான்ஸ்போமரிலிருந்து வயல்வெளி தாண்டி நெடுந்தூரம் போகின்றன. இரவில் கடைசி வீட்டுக்கும் வெளிச்சம் போதவேண்டும் என்பதால் றான்ஸ்போமரின் வோல்ற்றேஜைச் சற்றுத் தூக்கியே வைத்திருப்பார்கள். பகலில், எல்லோரும் வயலிலும் வேலையிலும் நிற்கும்போது, அந்தத் தூக்கல் அப்படியே நிற்கும்.

நம் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற், கூடக் குறைய 6 வீதம்; அதாவது 216க்கும் 244க்கும் இடையில். றான்ஸ்போமரிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி ஒரு வீட்டில் ஐந்து கிலோவாற் சிங்கிள் பேஸ் சோலர் முழு வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். 21.7 அம்பியர். 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பிக்குப் போக 0.22 ஓம், நியூட்ரலில் திரும்பிவரவும் ஏறக்குறைய அவ்வளவு. பெருக்கினால் 9.6 வோல்ற் ஏற்றம். றான்ஸ்போமரில் 236 இருந்தால் உங்கள் வீட்டில் 245ஐத் தாண்டும். இன்வேட்டர் எல்லையைக் கண்டு தானாக நிற்கும், சில நிமிடம் கழித்து மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். காலை எட்டு மணிக்கு நன்றாக ஓடும் சோலர், பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் விட்டுவிட்டு வேலை செய்வது இதனால்தான். மாத முடிவில் 600 வரவேண்டிய இடத்தில் 400 வரும். பனலைக் குறை சொல்லி, கம்பனிக்காரரோடு சண்டை பிடித்து என்ன பயன்?

அதே ஐந்து கிலோவாற்றை த்ரீ பேஸில் போட்டால் ஒரு கம்பியில் 7.2 அம்பியர்தான். மூன்றும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் இல்லை. ஏற்றம் 1.6 வோல்ற். ஆறில் ஒரு பங்கு. றான்ஸ்போமரிலிருந்து முந்நூறு மீற்றருக்கு அப்பால் இருப்பவர்கள், இணைப்பை மாற்றும் செலவைப் பார்த்துப் பின்வாங்காமல், முதலில் த்ரீ பேஸுக்குப் போவதே நல்லது.

முன்கூட்டியே பார்க்க ஒரு மல்ற்றிமீற்றர் போதும். ஞாயிற்றுக்கிழமையோ போயா நாளோ, வெயில் உச்சத்தில், பெரிய பொருட்களை நிறுத்திவிட்டு வீட்டுப் பிளக்கில் அளவுங்கள். சோலர் போட முன்னரே 240ஐத் தாண்டினால், அயலில் ஏற்கெனவே சோலர் போட்டவர்கள் லைனைத் தூக்கிவிட்டார்கள் அல்லது றான்ஸ்போமர் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைத் திகதியோடு எழுதி விண்ணப்பத்தோடு கொடுங்கள். இன்வேட்டரின் எல்லையை 255க்கோ 260க்கோ உயர்த்தி 'பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம்' என்று சொல்லும் பூட்டுநர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிரிட்ஜும் ரீவியும் அதற்கு விலை கொடுக்கும். பரிசோதனையில் பிடிபட்டால் உங்கள் இணைப்பைத்தான் கழற்றுவார்கள்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து கிலோவாற்றுக்கு 550 வாற் பனல் ஒன்பது. ஒவ்வொன்றும் 28 கிலோவை ஒட்டியது, மொத்தம் 250 கிலோ, 250 சதுர அடி. இந்திய வீட்டுத்திட்டத்தின் 550 சதுர அடி வீடுகளில் தெற்குப் பார்த்த ஒரு பக்கக் கூரை முழுவதும் போய்விடும். ஓட்டுக் கூரையில் கொளுக்கியைச் சிலாகையில் அடிக்கக்கூடாது, கைமரத்தில்தான். கைமரத்தைத் தட்டிக் கறையான் பார்த்த பிறகே. 2020 டிசம்பரில் புரெவி முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வழியாகப் போனது. பனல் பூட்டிய சட்டத்தைத் தூக்கும் காற்று இங்கே புதிதல்ல. மன்னாரிலும் முல்லைத்தீவுக் கரையிலும் சாதாரண ஆணியும் போல்ற்றும் இரண்டு சோளகக் காற்றுப் பருவத்துக்குள் துருப்பிடிக்கும். கறள் பிடிக்காத எஃகு போல்ற் என்று கம்பனியிடம் விலை கேட்கும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

அரிசி ஆலைக்கு வேறு கணக்கு

42 கே.வி.ஏ.க்குள் நிற்கும் சிறு ஆலை கைத்தொழில் கட்டணத்தில் ஐ-1 வகுப்பு. அதற்கு மேல் ஐ-2. ஐ-2இல் யூனிற்றுக்கு நேரத்தைப் பார்த்து விலை: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் 10.30 வரை உச்சம், பிறகு விடியும்வரை குறைந்த விலை. அதோடு அந்த மாதத்தில் எட்டிய உச்சக் கே.வி.ஏ.க்கும் தனிக் கட்டணம். சோலர் வாங்கும் ஆலைக்காரர் ஏமாறும் இடம் இந்த இரண்டாவது.

ஓர் ஆலை 60 கிலோவாற் எடுக்கிறது, பவர் பக்டர் (எடுக்கும் கே.வி.ஏ.யில் வேலையாக மாறும் பங்கு) 0.8. லைனிலிருந்து போவது 75 கே.வி.ஏ, அதில் 45 கே.வி.ஏ.ஆர் வேலை எதுவும் செய்யாமல் மோட்டர்களுக்கும் லைனுக்கும் இடையில் சும்மா போய்வரும் பங்கு (60உம் 45உம் நேராகக் கூடாமல், செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் போல் சேர்ந்து 75 ஆகும்). 40 கிலோவாற் சோலர் போட்டால் கிலோவாற் இருபதாகக் குறையும். ஆனால் அந்த 45 அப்படியே இருக்கும், ஏனென்றால் சாதாரண அமைப்பில் இன்வேட்டர் அதைத் தருவதில்லை. கே.வி.ஏ 49. யூனிற் மூன்றில் ஒன்றானது, கே.வி.ஏ மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் குறைந்தது. பவர் பக்டர் 0.4க்கு விழுந்து கிடக்கும். 30 கே.வி.ஏ.ஆர் கப்பாசிற்றர் பாங்க் போட்டால் 25 கே.வி.ஏ.க்கு வரும். சோலருக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் கப்பாசிற்றர் சில்லறைக் காசு. சோலர் வேண்டாம் என்பவரும் அதைப் போடலாம்.

அப்படிப் போட்டும், அறுவடை மாதத்தில் ஒரு மாலை ஏழு மணிக்கு முழு ஆலையையும் ஓட்டினால் சோலரின் உதவி இல்லாமல்தான் உச்சம் பதியும். ஒரு கால்மணி நேரம் போதும். அந்த மாதம் முழுவதற்குமான கே.வி.ஏ கட்டணம் அதுதான். மோட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடக்குவதும், காயவைக்கும் விசிறியை அரைப்போடு சேர்த்து ஓட்டாமல் விடுவதும் சோலரைவிட முதலில் செய்யவேண்டியவை.

திட்டத்தைப் பொறுத்தவரை ஆலைக்கு நெற் அக்கவுண்டிங் பொருந்துகிறது. காலபோக நெல் வரும் மாசி, பங்குனியிலும் சிறுபோகம் வெட்டும் ஆவணியிலும் தன் பாவனை. ஆலை பூட்டிக் கிடக்கும் மாதங்களில் விற்பனை. நெற் மீற்றரிங் போட்டால் சும்மா இருந்த மாதங்களின் யூனிற் காசாகாமல் குவியும். பெரிய அளவில் போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின் தேவை விழுந்து சோலர் மிஞ்சியதால், பகலில் சோலரை நிறுத்திவைக்குமாறு மின்சாரசபை கேட்டது. அதே ஆண்டு பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் தொடங்கிய ஒரு தடங்கல் முழு நாட்டையும் இருட்டாக்கியதன் பின்னாலும் குறைந்த தேவையும் நிறைந்த சோலரும் இருந்தன. 'நிறுத்தச் சொன்னால் நட்டஈடு உண்டா' என்ற வரி ஒப்பந்தத்தில் எப்படி இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

தோட்டக் கிணறு: லைன், மண்ணெண்ணெய், வெயில்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டச்சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊருக்கு மண்ணெண்ணெய்ப் பம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் விலையை யார் வைக்கிறார் என்பது மட்டும் இங்கே. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கரண்டுக்கு இருப்பதுபோல் முன்மொழிவு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு, ஆணைக்குழுத் தீர்ப்பு எதுவும் எரிபொருளுக்கு இல்லை. அறிவித்தால் அன்று நள்ளிரவு முதல் அமுல். மணிக்கு ஒரு லீற்றர் குடிக்கும் பம்பை நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அந்த ஓர் இரவில் நாட்செலவு ஆயிரம் ரூபாவுக்கு மேல் ஏறியது.

ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ கோடையில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும். அதாவது 20 முதல் 24 கனமீற்றர். வாய்க்கால் பாய்ச்சலில் பாதி வீணாகும் என்றால் 40 முதல் 48. முப்பது அடி மொத்த உயரத்துக்கு ஒரு குதிரைவலு சோலர் பம்ப் வெயில் நேரத்தில் மணிக்கு 12, 13 கனமீற்றர் தூக்கும். நாலு மணி நேர நல்ல வெயில் போதும். பனல் 1.1 கிலோவாற், 550 வாற்றில் இரண்டு.

லைன் இணைப்பு பம்புக்கு எடுக்கலாமா? போஸ்ட் வயலுக்கு அருகே இருந்தால் எடுங்கள். அதைவிட மலிவானது இல்லை. இரண்டு மூன்று போஸ்ட் நடவேண்டியிருந்தால் அந்த மதிப்பீட்டுப் பத்திரத்தையும் சோலர் பம்பின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சோலர் பம்ப் வெல்லும். அதற்கு விநியோக அனுமதி வேண்டாம், றான்ஸ்போமரில் இடம் வேண்டாம், எவரும் விலை மாற்ற முடியாது. பலவீனம் வேறு இடத்தில். பயிர் இல்லாத மாதங்களில் அதன் கரண்டை விற்க வழியில்லை. தண்ணீர் இலவசம் போல் தோன்றுவதால் கிணறு அடித்தட்டும்வரை இறைப்பார்கள். கரையோரக் கிணறுகளில் உவர் ஏறினால் அது திரும்ப இறங்க ஆண்டுகள் ஆகும். தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பம்பை நிறுத்தும் மிதவை ஆளி ஒன்றைக் கிணற்றிலும் தாங்கியிலும் பூட்டுவது கட்டாயம். பனல் களவு போகாமல் சட்டத்தை வெல்டிங் செய்யுங்கள். யானை வரும் பக்கம் என்றால் கழற்றி வைக்கக்கூடிய இரண்டு பனல் தள்ளுவண்டியே நல்லது.

பற்றரி பற்றிச் சுருக்கமாக. லைனோடு சேர்ந்த சாதாரண இன்வேட்டர் கரண்ட் நின்றால் தானும் நிற்கும். கம்பியில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது கூரையில் சோலர் வைத்திருந்தவர்களும் இருட்டில் இருந்தார்கள். வெட்டுக்குத்தான் சோலர் என்றால் ஹைபிரிட் இன்வேட்டரும் (லைனோடும் பற்றரியோடும் ஓடக்கூடியது) பற்றரியும் வேண்டும். வருமானத்துக்கு என்றால் இப்போதைக்கு இன்வேட்டரை மட்டும் ஹைபிரிடாக எடுத்துவிட்டுப் பற்றரியைப் பின்னுக்குத் தள்ளலாம்.

விண்ணப்பத்துக்கு முன் காணிப் பத்திரம்

ஒழுங்கு இப்படி: நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த கம்பனி ஊடாகப் பகுதி அலுவலகத்துக்கு விண்ணப்பம், றான்ஸ்போமர் பரிசோதனை, எழுத்தில் அனுமதி, அதன் பிறகே பூட்டல், பரிசோதனை, ஒப்பந்தம், மீற்றர் மாற்றம். அனுமதி வருமுன் பூட்டச் சொல்லி முற்பணம் கேட்பவரிடம் கொடுக்கவேண்டாம். விலை எந்தத் திகதியில் உங்களுக்கு உறையும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் விலை மாறிய வரலாறு மேலே இருக்கிறது. இடம் இல்லை என்று மறுத்தால் றான்ஸ்போமரின் அளவையும் அதில் ஏற்கெனவே சேர்ந்த சோலரின் அளவையும் குறிப்பிட்ட பதிலைக் கேளுங்கள். அந்தப் பதிலோடு மாகாண அலுவலகம், தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

வன்னியில் வேலை நிற்பது பெரும்பாலும் இதற்கும் முன்னால். மின் கணக்கு காலமான தகப்பனின் பெயரில், காணி அனுமதிப்பத்திரம் பேரனின் பெயரில், வீட்டுத்திட்டக் கடிதம் மனைவியின் பெயரில். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் மின் கணக்கின் சொந்தக்காரராக இருக்கவேண்டும். மாதாமாதம் காசு போகும் வங்கிக் கணக்கும் அதே பெயரில். அனுமதிப்பத்திரக் காணியை எல்லா வங்கியும் ஈடாக ஏற்பதில்லை. அதனால் கடன் கடிதம் கையில் வருமுன் கம்பனிக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், மரணச் சான்றிதழ், பிரதேச செயலகத்தின் காணிக் கடிதம் மூன்றையும் கொண்டு மின் கணக்கின் பெயரை முதலில் மாற்றுங்கள். கூரையில் ஏறுவது அதற்குப் பிறகு.